மதுரை வெயிலில் தேனீ உண்ணிக்கு எந்தக் கருவி?

இத்தாலியத் தேனீப் பெட்டி இரண்டு மூன்று வாங்கி வைத்தவர்கள், கூடு மெலியத் தொடங்கியதும் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, உண்ணிக்குப் புகை போடும் மெஷின் எது வாங்கலாம்?" கைப்பேசியில் படமும் தயாராக இருக்கும். நீளமான கம்பி, நுனியில் சின்னக் கிண்ணம், பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். விலையைப் பேசுவதற்கு முன் நான் சிலவற்றைத் திருப்பிக் கேட்பேன். பெட்டியில் இருப்பது எந்தத் தேனீ? உண்ணியை எண்ணிப் பார்த்தாயிற்றா? உண்ணியைக் கொல்லும் ஆக்சாலிக் அமிலப் புகை போடும்போது முகத்தில் எதை மாட்டிக்கொள்வதாக உத்தேசம்? பெரும்பாலும் கடைசிக் கேள்விக்கு, கொரோனா காலத்தில் வாங்கிய முகக்கவசம் வீட்டில் இருக்கிறது என்று பதில் வரும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இந்தியத் தேனீயும் இத்தாலியத் தேனீயும் அருகருகே இருக்கின்றன. வாரம் முழுக்க நகரத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோப்பு. பொழுதுபோக்குக்கு வளர்க்கிறவன் செலவு செய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. வேண்டிய பொருளை விட்டுவிட்டு, பார்க்க இயந்திரம் போலத் தோன்றுவதை முதலில் வாங்குவான். என் கணக்கில் வாங்கும் வரிசை தலைகீழ்: எண்ணும் பாட்டில், தராசு, சுவாசக் கவசம், ராணிக் கூண்டு, இவற்றுக்கெல்லாம் பிறகுதான் புகை இயந்திரம். ஏன் என்றால், அந்த இயந்திரங்களோடு வரும் வழிமுறைகள் பனி கொட்டும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். உண்ணி ஒளிந்து பெருகும் இடமான புழுவே கூட்டில் இருக்காது. உண்ணி அத்தனையும் வெளியே, தேனீயின் உடம்பின் மேல் இருக்கும். ஒரு தடவை புகை போட்டால் வேலை முடிந்தது. மதுரையில் மார்கழிப் பகலிலும் 30 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கிறது. நம் ராணிக்கு விடுமுறை கிடையாது.

முதலில் எந்தத் தேனீ என்பதைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு அதோடு செலவு மிச்சம். அடுக்குத் தேனீ என்று நாம் சொல்லும் இந்தியத் தேனீதான், நாம் பேசிக்கொண்டிருக்கும் வரோவா என்ற உண்ணியின் பழைய வீடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே வாழ்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டன. உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுவில் மட்டுமே பெருகும். வேலைக்காரத் தேனீயின் அறையில் அது நுழைந்தால், மற்ற தேனீக்கள் அந்த அறையைத் திறந்து புழுவோடு அப்புறப்படுத்திவிடும். ஆண் தேனீக் கூட்டுப்புழுவை உண்ணிகள் அளவுக்கு மீறித் தாக்கினால் அது மூடியைத் திறக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே சாகும், உண்ணிகளும் அதோடு புதைந்துபோகும். ஆகவே மார்த்தாண்டம் பெட்டியில் இந்தியத் தேனீ வைத்திருப்பவர்கள் உண்ணிக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அவர்களுடைய தொல்லை மெழுகுப் பூச்சியும் பைப்புழு நோயும். 1990களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் காலி செய்தது இந்தத் தாய்லாந்து பைப்புழு வைரஸ்தான். அதற்கு எந்தப் புகையும் வேலை செய்யாது.

இத்தாலியத் தேனீயின் கதை வேறு. 1962-இல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோட்டாவில் வெற்றிகரமாக நிலைபெற்று, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிய இனம் இது. வரோவா அதற்குப் புதிய எதிரி. வேலைக்காரத் தேனீப் புழுவிலேயே உண்ணி பெருகும், எதிர்ப்பு குறைவு. அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைந்து, மூடிய பிறகு முட்டையிடுகிறது. குஞ்சுகளெல்லாம் வளரும் தேனீயின் உடம்பை உறிஞ்சி வளர்கின்றன. கூடவே சிறகு சுருங்கும் வைரசையும் பரப்புகின்றன. பெட்டி வாசலில் சுருண்ட சிறகோடு தேனீ ஊர்ந்து விழுகிறது என்றால், விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது, மேலைநாட்டுக் குறிப்புகள் பலவற்றில் அது இடம்பெறாது. அழகர்மலைப் பாறைகளிலும், ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும், ஆலமரங்களிலும் தொங்குகிற மலைத்தேனீயின் உண்ணி: ட்ரோபிலேலாப்ஸ். வரோவாவைவிடச் சிறியது, நீளவாட்டமானது, அடையின் மேல் விறுவிறுவென்று ஓடும். இது புழுவைத் தின்றுதான் வாழ முடியும், வளர்ந்த தேனீயின் உடம்பைத் துளைக்க இதன் வாய்க்கு வலு இல்லை. கூட்டில் சில நாட்கள் புழு இல்லாமல் போனால் தானாகச் செத்துவிடும். இந்த ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ராணிக் கூண்டு பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

இனி எண்ணுவது. ஒரு நல்ல எண்ணும் பாட்டிலை வீட்டிலேயே செய்யலாம். அகல வாயுள்ள பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, அவற்றின் மூடிகளை முதுகோடு முதுகாக ஒட்டி நடுவே வட்டமாக வெட்டி, 3 மி.மீ. கண்ணுள்ள வலையை வைத்தால் போதும். தேனீ தங்கும், உண்ணி கீழே இறங்கும். புழு உள்ள அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ராணி அதில் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, தேனீக்களை ஒரு தட்டில் உதறி, ஏறக்குறைய 100 முதல் 120 மி.லி. அளவுக்கு அள்ளினால் சுமார் 300 தேனீ இருக்கும். அதில் ஸ்பிரிட்டோ, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கலந்த தண்ணீரோ ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றி, பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நீர் கலங்கலாக இருக்கும், மகரந்தத் துணுக்கும் உதிர்ந்த மயிரும் மிதக்கும். அவை அடங்கியதும், அடியில் செம்பழுப்பாகச் சில புள்ளிகள் தெரியும். கடுகைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போல, நீளத்தைவிட அகலம் கூடிய முட்டை வடிவம். அகலம் 1.5 மி.மீ. அளவுதான். பாட்டிலைச் சாய்த்தால் அவை ஓரமாக நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் முன்பக்கம் சிறு கால்கள் தெரியும். 300 தேனீயில் 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3. அந்தக் கோட்டைத் தொட்டால் மருந்து வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. நூற்றுக்கு 2 என்றாலே நான் யோசிக்கத் தொடங்கிவிடுவேன், ஏனென்றால் இங்கே ஆண்டு முழுக்கப் புழு இருக்கிறது, உண்ணிக்கும் ஆண்டு முழுக்கத் தொட்டில் இருக்கிறது.

முந்நூறு தேனீயைக் கொல்வதா என்று மனம் கலங்குகிறவர்கள் உண்டு. என் மனைவியும் அந்தக் கட்சி. நல்ல பருவத்தில் ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரு காலைப்பொழுதின் கணக்குதான் இது. மனம் ஒப்பாவிட்டால் பொடித்த சர்க்கரையில் புரட்டி உதிர்க்கும் முறை இருக்கிறது, தேனீ சாகாது. ஆனால் ஐப்பசி மழை ஈரத்தில் சர்க்கரைப் பொடி கட்டிபிடித்துவிடும், உண்ணி சரியாக உதிராது, எண்ணிக்கை குறைத்துக் காட்டும். மழை மாதங்களில் அந்த முறையை நான் நம்புவதில்லை.

அடிப்பலகைக்கு மேல் வலை பொருத்தி, அதன் கீழே எண்ணெய் தடவிய வெள்ளைத் தகட்டைச் செருகி, விழுகிற உண்ணியை எண்ணும் வழியும் உண்டு. பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். மதுரைப் பக்கம் அதற்கு ஒரு பெரிய எதிரி எறும்பு. காலையில் செருகிய தகட்டில் மாலைக்குள் விழுந்த உண்ணியை எறும்பு சுமந்து போய்விடும். தகடு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, நம் பெட்டியில் உண்ணியே இல்லை என்று ஆனந்தப்பட்டுக்கொண்டிருப்போம். தாங்கியின் கால்களைத் தண்ணீரோ கழிவு எண்ணெயோ ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, பெட்டியைத் தொடும் புல்லையும் ஓலையையும் வெட்டிவிட்டால்தான் தகட்டுக் கணக்குக்கு மதிப்பு. எனக்குத் தகடு பயன்படுவது மருந்து போட்ட பிறகு, எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதற்கு. மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குப் பாட்டில்தான்.

எண்ணிக்கை கூடுதல் என்று தெரிந்த பிறகு எதைக் கொண்டு அடிப்பது? இங்கே வெயில்தான் நீதிபதி. பார்மிக் அமிலத்துக்கு ஒரு பெரிய பெருமை உண்டு, மூடிய அறைக்குள்ளும் அதன் ஆவி ஊடுருவி உண்ணியைக் கொல்லும். நம் நாட்டில் சொல்லித்தரும் முறையில் 85 சதவீத அமிலத்தை 5 மி.லி. அளவில் ஓர் ஊசி மருந்துக் குப்பியில் ஊற்றி, பஞ்சுத் திரி போட்டு, அடிப்பலகையில் வைப்பார்கள். கருவி என்று பார்த்தால் காசே இல்லை. குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க இதே அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே எளிதாகக் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டு பார்மிக் பட்டைகளின் உறையில், பகல் வெப்பம் 29.5 டிகிரிக்கு மேல் போனால் பயன்படுத்தாதே என்று இருக்கிறது. சூடு ஏற ஏற அமிலம் ஒரேயடியாக ஆவியாகும், புழு சாகும், ராணியும் சாகலாம். சித்திரைத் திருவிழா நேரத்தில், எதிர்சேவைக்குப் போகும் அவசரத்தில், குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன நண்பர் ஒருவரின் பெட்டியைப் பிறகு நானே திறந்து பார்த்தேன். ராணி இல்லை. அடையில் புழுக்கள் பழுத்த நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. மார்கழி, தை மாதங்களில், அதுவும் மேகமூட்டமான வாரத்தில், பார்மிக்கைப் பற்றி யோசிக்கலாம். மற்ற மாதங்களில் மதுரைக்கு அது சரிப்படாது.

தைமால் என்பது நம் ஓமத்தின் மணம்தான். ஓமத்தில் இருக்கும் அதே சரக்கு. இதற்குச் சூடு பிடிக்கும், 15 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. அதனால் நம் ஊருக்குச் சற்றுப் பொருந்தும். ஆனால் கடும் வெயிலில் இதுவும் வேகமாக ஆவியாகி, தேனீக்கள் கூட்டை விட்டு வெளியே வந்து வாசலில் தாடியாகத் தொங்கும். தேனில் மணம் ஏறும் என்பதால் தேன் சேரும் மேல்பெட்டியான தேன் அறை வைத்திருக்கும்போது தொடவே கூடாது. கீழமாசி வீதியில் ஓமம் வாங்கி வந்து மூட்டை கட்டி உள்ளே போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். ஓமத்தில் தைமால் எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் வெளியேறும் என்று யாருக்கும் தெரியாதபோது அது மருந்து ஆகாது. பெட்டி மணமாக இருக்கும், அவ்வளவுதான்.

பூச்சிக்கொல்லி தடவிய பட்டைகளில் எனக்கு ஆர்வம் இல்லை. சட்டங்களுக்கு இடையே தொங்கவிட்டால் போதும், கருவியே வேண்டாம், அது உண்மை. ஆனால் அவற்றில் தடவும் ஃப்ளுவாலினேட் என்ற பூச்சிக்கொல்லி மெழுகில் தங்கிவிடும், ஆண்டுக்கணக்கில் போகாது. உலகத்தின் பல பகுதிகளில் உண்ணி அதற்கு மசியாமல் போய்விட்டது. இணையத்தில் அச்சு மங்கிய உறையோடு வரும் பட்டைகளில், உள்ளே எந்த மருந்து, எத்தனை மில்லி கிராம் என்றுகூட இருப்பதில்லை. அப்படி ஒன்று என் கைக்கும் வந்தது. விற்றவர்களிடம் கேட்டேன், 'இயற்கை மருந்து' என்று ஒரு வரியில் பதில் வந்தது. பிரிக்காமல் வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தேன் எடுக்கிற பெட்டி இது.

மிஞ்சுவது ஆக்சாலிக் அமிலம். கீரையில் இருப்பதுதான், பளிங்குத் தரை துலக்கவும் துருப் போக்கவும் விற்கிறார்கள். தூய்மை தெரியாத தரைத்தூளைப் பெட்டிக்குள் போட வேண்டாம், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய்மை அளவு அச்சிட்ட புட்டியாக வாங்குங்கள். இதன் ஒரே குறை, மூடிய அறைக்குள் போகாது. கூட்டில் புழு இருக்கும் நேரத்தில் வரோவாவில் பெரும்பகுதி மூடிய அறைக்குள்தான் இருக்கும். ஆகவே ஒரு தடவை புகை போட்டு, கீழே விழுந்ததைப் பார்த்து மகிழ்ந்தால், உள்ளே இருந்தது பத்து நாளில் வெளியே வந்து நிற்கும். வாரத்துக்கு ஒரு முறையாகத் திரும்பத் திரும்பப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோப்புக்கு வருகிறவனுக்கு அது முடிகிற காரியமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கேதான் ராணிக் கூண்டு வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் கூண்டு, தேனீ உள்ளே போய் வரலாம், ராணி வெளியே வர முடியாது. தேனீப் பொருள் விற்கிறவர்களிடம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ராணியை அதில் விட்டு, நடுச் சட்டத்தில் இரண்டு அடைகளுக்கு இடையே வைத்துவிட வேண்டும். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள், ஆண் தேனீக்கு 24. ஆகவே 24 நாள் கழித்துத் திறந்தால் கூட்டில் மூடிய அறையே இருக்காது. பனி நாட்டில் குளிர் செய்கிற வேலையை இங்கே கூண்டு செய்துகொடுக்கிறது. இடையில் ட்ரோபிலேலாப்ஸ் பட்டினியில் போய்விடும். ராணியை விடுவித்து, புதிய புழு மூடப்படுவதற்குள், அதாவது ஒரு வாரத்துக்குள், ஆக்சாலிக்கை ஒரு முறை கொடுத்தால் போதும்.

நான் இதைச் செய்வது அடைமழைக் காலத்தில். தேன் வரவு குறைந்து ராணி தானாகவே முட்டையிடுவதைக் குறைக்கும் பருவம், அதனால் இழப்பு சிறிது. வேம்பும் புங்கையும் பூக்கும் பங்குனியில் கூண்டில் போட்டால் தேன் போய்விடும். கூண்டு வாங்கும்போது அதன் கண் அகலத்தைப் பாருங்கள். சிலவற்றில் வேலைக்காரத் தேனீயே சிக்கித் திணறும், சிலவற்றில் மெலிந்த ராணி நழுவிவிடும். ராணியைப் பிடிக்கக் கை நடுங்குகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ராணி புக முடியாத கண்ணுள்ள ராணி விலக்குத் தகட்டை வெட்டி, ஒரு சட்டம் மட்டும் நுழையும் அளவுக்குச் சப்பைப் பெட்டி செய்யச் சொன்னால் தகரப் பட்டறையில் செய்து கொடுப்பார்கள். ராணி அந்த ஒரு சட்டத்தில் மட்டும் முட்டையிடும். வரோவா அந்த அடையைத் தேடி நுழையும். மூடியதும் அடையை எடுத்து உருக்கிவிடலாம்.

புழு இல்லாத கூட்டுக்கு ஆக்சாலிக்கைக் கொடுக்க மின்சாரமே தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு ஒரு லிட்டரில் 35 கிராம் ஆக்சாலிக் டைஹைட்ரேட் (நீர் சேர்ந்த படிகம்) என்பது கணக்கு. இரண்டு பெட்டிக்காரனுக்கு 100 மி.லி. போதும், அதற்கு 3.5 கிராம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே தேனீ நிற்கும் ஒவ்வொரு சந்திலும் 5 மி.லி. ஊற்ற வேண்டும், முழுப் பெட்டிக்கு 50 மி.லி.யைத் தாண்டக் கூடாது. 60 மி.லி. ஊசிக்குழல் ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும். இதுதான் கருவி.

ஆனால் 3.5 கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் பார்க்கிற மாதிரி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு மின்தராசு வேண்டும். நகைக்கடைக்காரரின் தராசே வேண்டியதில்லை, சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவான வகை போதும். அமிலத்தை எடை போடும் தராசு அந்த வேலைக்கு மட்டும்தான், பிறகு அது அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். அமிலம் சேர்ந்த சர்க்கரைப் பாகு சூட்டில் நின்றால் தேனீக்கு நஞ்சாகும் ஒரு பொருள் அதில் உருவாகும். பனி நாட்டுக்காரன் அலமாரியில் வைத்தால் சில காலம் தாங்கலாம், தோப்பு வீட்டுத் தகரக் கூரையின் கீழ் தாங்காது. இன்னொன்று: இப்படிப் பாகு ஊற்றும் சொட்டுமுறையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. தேனீ அதைக் குடிக்கிறது, உடம்பு கெடும்.

அதனால் இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பவருக்குப் புகை இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று நான் துணிந்து சொல்வேன். பத்துப் பெட்டியைத் தாண்டினாலோ, கூண்டு வைக்க முடியாமல் பலமுறை போட வேண்டியிருந்தாலோ வாங்கலாம். அப்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சாதாரண வகை, வாசல் வழியாக நுழைக்கும் கிண்ணக் கம்பி. சுவிட்சர்லாந்தில் செய்யும் வரோக்ஸ் முதல் பெயரில்லாத இறக்குமதிச் சரக்கு வரை எல்லாம் ஒரே தத்துவம். டீசல் எஞ்சினைக் கிளப்பும் க்ளோ பிளக் செருகி போன்ற ஒரு சூடேற்றி, மேலே கிண்ணம். 12 வோல்ட்டில் 150 வாட் இழுக்கிறது என்றால் 12 ஆம்பியருக்கு மேல். பைக் பேட்டரி இதைத் தாங்காது. கார் அல்லது டிராக்டர் பேட்டரி வேண்டும். தோப்பில் டிராக்டர் நிற்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஒயர் மெலிதாக இருந்தால் பாதி மின்சாரம் ஒயரிலேயே சூடாகப் போய்விடும், கிண்ணம் மந்தமாகக் காயும். இணையத்தில் வருகிற பொருட்களில் பெரும்பாலும் ஒயர்தான் மட்டம். டவுன்ஹால் ரோட்டில் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் தடித்த முதலைக் கிளிப்பும் வாங்கி மாற்றிக்கொண்டால் அதே இயந்திரம் வேறு மாதிரி வேலை செய்யும்.

தேனீயே இல்லாத காலிப் பெட்டியில், வெட்டவெளியில், கவசம் மாட்டிக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் படிகம் தன் நீரிலேயே கரைந்து கொதிக்கும், விளிம்பில் குமிழி ஏறி இறங்கும். நீர் போனதும் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். 157 டிகிரியைத் தொட்டதும் கிண்ணத்திலிருந்து அடர்ந்த வெண்புகை எழுந்து, பெட்டியின் இடுக்குகளிலிருந்து கசியும், பலகையில் மெல்லிய வெண்பொடியாகப் படியும். 189 டிகிரியைத் தாண்டினால் அமிலம் சிதைந்து வீணாகிறது. வெல்டிங் பட்டறையில் செருகியையும் அலுமினியக் கிண்ணத்தையும் ஒட்டிச் செய்கிற நாட்டுக் கருவிகளில் இதுதான் சிக்கல். சூட்டைக் கட்டுப்படுத்த ஏற்பாடு இருக்காது, செக்கச்செவேலென்று காயும். பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குக் குறையில்லை, சூட்டுக் கட்டுப்பாடு உள்ள கருவியையே வாங்குங்கள் என்கிறேன். வீட்டு மின்சாரத்தில் ஓடும் துப்பாக்கி வகை வேகமானது, ஒரு பெட்டிக்கு அரை நிமிடம் போதும். ஆனால் தோப்பில் மின்கம்பிக்கு எங்கே போவது? ஜெனரேட்டர் சேர்த்தால் பொழுதுபோக்கு தொழிலாகிவிடும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-இல் அமெரிக்கா ஆக்சாலிக்கை அனுமதித்தபோது பெட்டியில் புழு வளரும் ஓர் அடுக்குக்கு 1 கிராம் என்றார்கள், பின்னாளில் அதை உயர்த்தினார்கள். நம் பெட்டிக்கு எவ்வளவு என்பதில் ஐயம் இருந்தால் மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் கேளுங்கள். பெட்டியின் சட்ட எண்ணிக்கையையும் தேனீ அடர்த்தியையும் எழுதி எடுத்துப் போங்கள், பதில் தெளிவாகக் கிடைக்கும்.

சுவாசக் கவசத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அந்த வெண்புகை நுரையீரலில் போய்ப் படிகமாக உட்காரும். துணி முகக்கவசமும் என்95-ம் தூசியைப் பிடிக்கும், அமில வாயுவைப் பிடிக்காது. முகத்தில் அழுந்தி உட்காரும் ரப்பர் அரைமுகக் கவசம் வாங்கி, இரு பக்கமும் அமில வாயுவுக்கென்று அச்சிட்ட வடிகட்டிகளைப் பொருத்த வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, காற்று அந்த வழியே உள்ளே வரும். உள்ளங்கையால் வடிகட்டிகளை மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள், ரப்பர் கன்னத்தோடு ஒட்டி இழுபட வேண்டும். வடிகட்டியைப் பிரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கும், காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். கண்ணுக்குத் துளையில்லாத கண்ணாடி, கைக்கு நைட்ரைல் கையுறை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சமையல் சோடாவும் இருக்கட்டும், சிந்தினால் தூவலாம். காற்று முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றுகொள்ளுங்கள். ஆடிக் காற்று சுழன்றடிக்கும் நாளில் அந்த வேலையே வேண்டாம், புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. தேன் அறைகளை முன்னதாகவே இறக்கிவிட்டு, வாசலை ஈரத்துணியால் அடைத்து, பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் போதும்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இயந்திரம் வாங்கியிருக்கிறோம். ஆண்டில் சில வாரங்கள் வேலை, மற்ற நாட்களில் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகிற பொருளை ஆளுக்கொன்று வாங்குவது வீண். பேட்டரி எடுத்துப்போகிறவருடையது, அமிலப் புட்டி பூட்டிய அலமாரியில், பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி. கவசம் மட்டும் பொது இல்லை. முகத்துக்கு முகம் அளவு மாறும், வடிகட்டி எத்தனை நேரம் ஓடியது என்று அடுத்தவருக்குத் தெரியாது. வாடிப்பட்டித் தம்பி ஒருவர் போன வாரம் இயந்திரம் கேட்டு வந்தார். எண்ணிக்கை என்ன என்றேன். நூற்றுக்கு நான்கு என்றார், பாட்டிலையும் காட்டினார். கவசம் எங்கே என்றேன். ஆர்டர் போட்டிருக்கிறேன் அண்ணே, வந்துவிடும் என்றார். வந்ததும் எடுத்துப் போ என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் ராணியைக் கூண்டில் போடச் சொல்லிக் கூண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.